சொல்லடைவு யாருடைய பணி?

அறிவைத் திரட்டுதலும் திரட்டியதைத் தேடியெடுத்தலும் இனி இயந்திரங்களின் பொறுப்பே என்னும் கருத்து இன்று கற்றோரிடையே கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிட்டது. ஒரு கணினி போதாவிடின் பத்து; பத்துப் போதாவிடின் பதினாயிரம். அவற்றை வலையாற் பிணைத்து ஒரே கொத்தணியாக இயக்கிவிட்டால், எழுதப்பட்ட யாவும் எங்கிருப்பினும் கணப்பொழுதில் நம் கண்முன் வந்து நிற்கும் என்று கூறப்படுகின்றது. கணினித்துறையினரிற் பலர் இதனைப் பெருமிதத்துடன் கூறுகின்றனர். கலைப்பீடத்தினராகிய நாம் இதனை நிம்மதியுடன் கேட்டுக்கொள்கின்றோம். அது அவர்களுடைய வேலை என்று ஒதுங்கிக்கொள்வதற்கு இக்கூற்று நமக்கு வசதியளிக்கின்றது.

அவர்களது பெருமிதம் பிழையானது. நமது நிம்மதி அதனினும் பிழையானது. கொத்தணி எத்துணை பெரிதாயினும் அது ஒரு தீர்மானத்தைப் பன்மடங்காக்கும் கருவி மாத்திரமே. அத்தீர்மானத்தை அது எடுப்பதில்லை. சொல் என்பது யாது? அது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது? எவ்வெவ் வடிவங்களை ஒரே சொல்லின் வடிவங்களாகக் கொள்ளலாம்? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அடைவாக்கம் தொடங்க முடியும். இவை தொல்காப்பியர் காலந்தொட்டு நம் இலக்கண ஆசிரியர்கள் எதிர்கொண்ட வினாக்களாகும். தமிழைப் பொறுத்தவரை இவற்றுக்கு நாம் விடை கூறாதவிடத்துத் தமிழறியாத எவரோ, எங்கோ இருந்து, தமக்குத் தோன்றியதொரு விடையைக் கூறிவிடுவர். அவ்விடையே பதினாயிரம் இயந்திரங்களிலும் விதியாகிவிடும். அடைவாக்கம் மொழியியலாரதும் இலக்கியம் பயில்வோரதும் பணியே என்பதையும், அதனைக் கைவிட்டமையால் நாம் இழந்து வருவன யாவை என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடைவின் பிறப்பு

நூலொன்றைப் படிப்பவர் பக்கத்திலிருந்து சொல்லுக்குச் செல்கின்றார். அடைவு இம்முறையைத் தலைகீழாக்கிச் சொல்லிலிருந்து பக்கத்துக்கு இட்டுச் செல்கின்றது. இன்றைய தேடுபொறியின் உள்ளே இருப்பதும் இத்தகைய பட்டியலே. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அச்சொல் இடம்பெறும் ஆவணங்களின் எண்கள் நிரைப்படுத்தப்பட்டிருக்கும். நாம் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்யும்போது இயந்திரம் உலகின் பக்கங்களையெல்லாம் புரட்டிப் பார்ப்பதில்லை. முன்னரே ஆக்கிவைத்த பட்டியலையே நோக்குகின்றது. ஆதலின் பட்டியலில் இடம்பெறாத சொல், ஆவணத்தில் இருந்தும் இல்லாததேயாகும்.

இப்பட்டியலை முதன்முதல் ஆக்கியோர் பொறியியலாளர் அல்லர். 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் பாரிஸ் நகரத்துத் தொமினிக்கன் துறவியர், சென் செரின் ஹியூ என்பாரின் தலைமையில் விவிலியத்துக்குச் சொல்லடைவு தொகுத்தனர். அப்பணியில் ஐந்நூறு துறவியர் ஈடுபட்டனர் என்று மரபுவழியாகக் கூறப்படுவதுண்டு. எண்ணிக்கை எதுவாயினும், வேலையைப் பலருக்குப் பகிர்ந்தளித்துப் பின்னர் ஒன்றுசேர்க்கும் முறை கணினிக்கு ஏழு நூற்றாண்டுகள் முற்பட்டது என்பது தெளிவு.

கணினி யுகத்தின் தொடக்கத்தில் இதே பணியை மேற்கொண்டவரும் ஒரு குருவானவரே. இத்தாலியரான றொபேர்ட்டோ பூசா அடிகள் தோமஸ் அக்குவைனஸின் இலத்தீன் நூல்களுக்குச் சொல்லடைவு ஆக்க விரும்பி, 1949இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியை நாடினார். துளையட்டைகளில் தொடங்கிய அப்பணி 1974 முதல் 1980 வரை 56 பெருந்தொகுதிகளாக அச்சேறியது. இலத்தீனும் தமிழைப் போன்று வேற்றுமையாலும் வினைவிகற்பத்தாலும் வடிவம் மாறும் மொழி. அட்டைகளை நிரைப்படுத்துவதில் இயந்திரம் விரைந்து உதவியது. எந்த வடிவம் எந்தச் சொல்லைச் சார்ந்தது என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளை விழுங்கிய பணி இதுவேயாகும்.

நம்மவரும் இத்துறைக்குப் புதியவர் அல்லர். 1842இல் மானிப்பாயில் வெளியான யாழ்ப்பாண அகராதியும், 1902இல் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை வெளியிட்ட அபிதானகோசமும், சொல்லையும் பெயரையும் நிரைப்படுத்தித் தேடற்குரியனவாக்கும் முயற்சியில் இந்நாட்டுத் தமிழர் பிறரிலும் முந்தி நின்றமைக்குச் சான்றுகள். ஆயின் தோமஸ் லேமன், தோமஸ் மால்ற்றன் என்னும் ஜேர்மானிய அறிஞர் இருவர் 1992இற் சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு வெளியிட்ட வேளையில் நாம் என்செய்துகொண்டிருந்தோம் என்னும் வினா நம்மை உறுத்தவேண்டும். அவர்தம் உழைப்பைப் போற்றுவது ஒன்று. அவ்வுழைப்பு நம்மிடமிருந்து ஏன் எழவில்லை எனக் கேட்பது மற்றொன்று.

கொத்தணியின் ஆற்றல்

கொத்தணியின் ஆற்றலைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. 1998இற் சேர்ஜி பிறின், லறி பேஜ் ஆகிய இரு பட்டப்பின்படிப்பு மாணவர் வெளியிட்ட கட்டுரை, கூகுள் என்னும் தேடுபொறி 24 மில்லியன் பக்கங்களை அடைவு செய்துள்ளதாகக் கூறிற்று. 2003இல் அந்நிறுவனத்தின் பொறியியலாளர் வெளியிட்ட கட்டுரை, சந்தையில் வாங்கத்தக்க சாதாரண கணினிகள் 15,000இற்கு மேற்பட்டவற்றைக் கொண்ட கொத்தணியைப் பற்றிப் பேசிற்று. விலையுயர்ந்த ஒரு பேரியந்திரத்துக்குப் பதிலாக, அடிக்கடி பழுதாகும் மலிவான இயந்திரங்கள் பலவற்றைப் பிணைத்து, பழுதை மென்பொருளால் ஈடுசெய்தனர். 2004இல் ஜெப் டீன், சஞ்சய் கெமாவத் ஆகியோர் இதற்குரிய முறைமையை மப்-றெடியூஸ் என்னும் பெயரில் உலகறியச் செய்தனர். 20 ரெறாபைற்றுக்கு மேற்பட்ட மூல ஆவணங்களிலிருந்து அடைவை ஆக்கும் பணி இம்முறையால் எளிதாயிற்று. அப்பணியின் ஒரு கட்டத்துக்கு முன்னர் ஏறத்தாழ 3,800 வரிகளாக இருந்த நிரல் ஏறத்தாழ 700 வரிகளாகச் சுருங்கியதென அவர்கள் எழுதினர்.

இம்முறைமை நமக்கு அந்நியமானதன்று. க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் விடைத்தாள் திருத்தத்தை எண்ணிப் பார்க்கலாம். விடைத்தாள்கள் கட்டுக்கட்டாகப் பிரிக்கப்பட்டுப் பல நிலையங்களிலுள்ள பரீட்சகர்களுக்கு வழங்கப்படுகின்றன. ஒவ்வொருவரும் தம் கட்டை மாத்திரம் திருத்துகின்றனர். பின்னர் வெவ்வேறு பாடங்களுக்குரிய புள்ளிகள் சுட்டெண் வாரியாக ஓரிடத்திற் சேர்க்கப்படுகின்றன. கொத்தணியில் அடைவாக்கமும் இவ்வாறே நிகழ்கின்றது. ஒவ்வொரு கணினியும் தனக்கு வழங்கப்பட்ட ஆவணக் கட்டைப் படித்து, அதிலுள்ள சொற்களையும் ஆவண எண்ணையும் இணையிணையாக எழுதுகின்றது. பின்னர் ஒரே சொல்லுக்குரிய இணைகள் யாவும் ஓரிடத்திற் சேர்க்கப்பட்டு அச்சொல்லின் பட்டியலாகின்றன. ஒரு பரீட்சகர் நோயுற்றால் அவருடைய கட்டு இன்னொருவரிடம் செல்வதுபோல, ஒரு கணினி செயலிழந்தால் அதன் வேலை இன்னொன்றிடம் ஒப்படைக்கப்படுகின்றது.

இவ்வித்தை பெருநிறுவனத்தின் தனியுடைமையாகவும் இருக்கவில்லை. டக் கற்றிங் என்பார் 1999இல் வெளியிட்ட லூசீன் என்னும் அடைவு மென்பொருளும், அவரும் பிறரும் 2006இல் உருவாக்கிய ஹடூப் என்னும் கொத்தணி மென்பொருளும், லூசீனை அடித்தளமாகக் கொண்டு 2010இல் வெளிவந்த எலாஸ்ரிக்சேர்ச்சும் எவரும் எடுத்தாளக்கூடியனவாகின. இன்று ஒரு பல்கலைக்கழகம் பழைய கணினிகள் சிலவற்றைக் கொண்டே தனக்கென ஒரு தேடற் கொத்தணியை அமைத்துக்கொள்ள இயலும். கருவி இல்லை என்று இனி நாம் முறையிட முடியாது.

பிழை பெருகும் விதம்

விடைத்தாள் உவமையை இன்னும் ஒருபடி தொடர்வோம். பரீட்சகர் நோயுற்றால் மாற்றீடு உண்டு. புள்ளியிடும் திட்டமே பிழையாயின்? அப்போது பரீட்சகர் யாவரும் உடல்நலத்துடன், நேர்மையுடன், விரைந்து பிழையையே செய்வர். பரீட்சகரின் எண்ணிக்கையை இருமடங்காக்கினால் பிழை பாதி நேரத்தில் முடிவடையும், அவ்வளவுதான். கொத்தணியும் இவ்வாறே. இயந்திரத்தின் மரணத்தைத் தாங்கும் வண்ணம் அது அமைக்கப்பட்டுள்ளது. பிழையான தீர்மானத்தைத் தாங்கும் அமைப்பு அதனிடம் இல்லை. பாதுகாப்பின் பொருட்டு அடைவின் ஒவ்வொரு கூறுக்கும் படிகள் பல வைக்கப்படுகின்றன. சொல் பிழையாகப் பிரிக்கப்பட்டிருப்பின் அப்பிழைக்கும் படிகள் பல உண்டாகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு போதும். தரவாய்வாளர் பெரிதும் பயன்படுத்தும் பைதன் மொழியில், 'சொல்லெழுத்து' எது என்பதற்கு ஒரு வரையறை உண்டு. அவ்வரையறையில் தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சொல்லெழுத்துக்களாகக் கொள்ளப்படவில்லை. இவ்வரையறையைப் பின்பற்றும் சைகிற்-லேர்ண் என்னும் புகழ்பெற்ற நூலகம், வேறு கட்டளை இடப்படாவிடின், அடுத்தடுத்து வரும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொல்லெழுத்துக்களையே ஒரு சொல்லாக ஏற்கின்றது. இதன் விளைவு யாது? 'தமிழ்' என்னும் சொல் 'தம' என்று நறுக்கப்படுகின்றது. எஞ்சிய ழகரம் ஒற்றையாய் நிற்பதாற் கைவிடப்படுகின்றது. 'மொழி' என்பதில் மகரமும் ழகரமும் இடையிலுள்ள குறியாற் பிரிந்து ஒற்றையாகி, அச்சொல் முற்றாக மறைகின்றது. 'நூல்' என்பதன் கதியும் இதுவே. 'தமிழ் மொழி நூல்' என்னும் தொடரை இவ்வியந்திரத்திடம் கொடுத்தால் எஞ்சுவது 'தம' என்னும் பொருளற்ற எச்சம் மாத்திரமே. இயந்திரம் வழுச்செய்தி எதனையும் காட்டாது. பத்து இலட்சம் தமிழ் ஆவணங்களை ஆயிரம் கணினிகளில் இவ்வாறு நறுக்கினாலும், வேலை வெற்றிகரமாக முடிந்தது என்றே அறிவிக்கும்.

யாவும் இத்தகையன என்று கூறுதல் நேர்மையாகாது. லூசீனின் பொதுச் சொற்பிரிப்பி யுனிக்கோட் விதிகளைத் தழுவியதால் இவ்வாறு நறுக்குவதில்லை. ஆயினும் வினா எஞ்சி நிற்கின்றது. நறுக்கும் கருவி எது, நறுக்காத கருவி எது என்பதை ஒரு தமிழ்த் தொகுதிக்குச் சோதித்துக் கூறும் பொறுப்பு எவருடையது? தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கே பிழை கண்ணிற்படும். தமிழ் படிக்கத் தெரியாத பொறியியலாளருக்கு 'தம' என்பதும் 'தமிழ்' என்பதும் ஒன்றே.

மப்-றெடியூஸ் கட்டுரையில் மேலும் ஒரு குறிப்பு உளது. குறித்த சில பதிவுகள் நிரலை மீண்டும் மீண்டும் செயலிழக்கச் செய்யுமாயின், அவற்றைக் கைவிட்டு மேலே செல்லும் வசதியும் அதிலுண்டு. பெருந்தொகுதி ஒன்றைப் புள்ளிவிபர நோக்கில் ஆராய்கையிற் சில பதிவுகளைப் புறக்கணித்தல் ஏற்புடையதாகலாம் என்பது அவர்கள் வாதம். அவர்கள் நோக்கில் அது சரியே. ஆனால் சிறுதொகையினரின் மொழிக்கு இவ்வாதம் பொருந்துமா? ஒரேயொரு படி மாத்திரமே எஞ்சியுள்ள சிற்றிதழ் ஒன்று, பழுதான எழுத்துருவின் காரணமாக அந்தச் 'சில பதிவுகளில்' ஒன்றாகிவிடின், புள்ளிவிபரம் சற்றும் மாறாது. நமது இலக்கிய வரலாறு மாறிவிடும்.

எழுத்தும் சொல்லும்

சொற்பிரிப்புச் சரியாக நிகழ்ந்தாலும் இடர் தீர்வதில்லை. எழுத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். யுனிக்கோட் முறையில் 'கொ' என்பதன் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை, இரண்டையும் முன்கூட்டி ஒன்றாக்காவிடின் இயந்திரத்துக்கு அவை வெவ்வேறு. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டச்சு செய்வோர் பலர். 'ஸ்ரீ' என்பதும் இரு வேறு குறியீட்டு நிரைகளால் எழுதப்படுகின்றது. நாட்டின் பெயரான 'ஸ்ரீ லங்கா' என்பதே, திரையில் ஒன்றாகத் தோன்றி அடைவில் இரண்டாகக் கிடக்கக்கூடும்.

இவற்றினும் கொடியது பாமினியின் கதை. இந்நாட்டிற் பல ஆண்டுகள் தமிழ் அச்சகங்களும் அலுவலகங்களும் பத்திரிகைகளும் பாமினி எழுத்துருவையே பயன்படுத்தின. அவ்வெழுத்துருவில் 'தமிழ்' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்கள் நான்கும் ஓர் அரைப்புள்ளியுமாகும். இத்தகைய கோப்பு மாற்றமின்றி அடைவுக்குட் செல்லுமாயின், அது தமிழ் ஆவணமாகவே பதிவாகாது. எம்மொழியிலும் பொருள்தராத ஆங்கில எழுத்துக் குவியலாகவே கிடக்கும். கோப்பு இருக்கின்றது, சேமிப்பகம் இருக்கின்றது, கொத்தணி இருக்கின்றது. தேடுவோருக்கு மாத்திரம் எதுவும் இல்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் வீட்டைக் குறிக்கும் பெயர்ச்சொல் ஒருமை, பன்மை என இரு வடிவங்களுடன் பெரும்பாலும் அமைந்துவிடும். தமிழில் வேற்றுமையுருபும் பன்மை விகுதியும் இடைச்சொற்களும் சேர நூற்றுக்கணக்கான வடிவங்கள் தோன்றும். இரண்டாம் வேற்றுமையை மாத்திரம் நோக்குக: வீட்டை விற்றான், வீட்டைக் கட்டினான், வீட்டைச் சுற்றினான், வீட்டைத் திறந்தான், வீட்டைப் பார்த்தான். பொருளால் ஒன்றேயான வடிவம், வலிமிகுதலால் ஐந்தாகி அடைவில் ஐந்து வெவ்வேறு இடங்களில் அமர்கின்றது. நாம் பயிலும் நிறுவனத்தின் பொதுப்பெயரே இதற்குச் சான்று. 'பல்கலைக்கழகம்' என்று சேர்த்தெழுதுவோரும் 'பல்கலைக் கழகம்' என்று பிரித்தெழுதுவோரும் உளர். ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது கிட்டுவதில்லை.

அவ்வாறாயின் உருபுகளைக் களைந்துவிடலாமே என்பர். களையலாம், ஆனால் கண்மூடிக் களையலாகாது. ஈற்று ஐகாரத்தை உருபெனக் கொண்டு வெட்டும் விதி, 'காலை' என்னும் பொழுதைக் 'கால்' என்னும் உறுப்பாக்கும். 'வேலை' என்னும் தொழிலை முருகன் கைப் படையாக்கும். பாலைத்திணை பற்றிய ஆய்வுக்கட்டுரையைத் தேடுபவர் பாற்பண்ணை பற்றிய அறிக்கையைக் காண்பார். தமிழுக்கான அடிச்சொற் பிரிப்பி சுனோபோல் என்னும் மென்பொருட் தொகுதியில் உண்டு. 2019இல் வெளியான போஸ்ற்கிறெஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பும் அதனை ஏற்றது. இது வரவேற்கத்தக்கது. அதன் விதிகளை வரிவரியாகப் படித்து, இவ்விதி தகும், இது தகாது என்று எழுதிய தமிழ்த்துறை ஆய்வேடுகள் நம்மிடம் எத்தனை உள?

இந்நாட்டுத் தமிழின் தனித்தன்மை இன்னொரு சிக்கல். கனடாவின் பெருநகரை நாம் 'ரொறன்ரோ' என்கின்றோம். தமிழ்நாட்டார் 'டொராண்டோ' என்கின்றனர். மேலோட்டமாக நோக்குபவர் இவ்விரண்டும் ஒரே பெயர் என ஊகிக்கவும் மாட்டார். எண்ணிக்கையாற் பெரியதொரு வழக்கைக் கொண்டு ஆக்கப்படும் விதி, சிறிய வழக்கைப் பிழையென ஒதுக்கிவிடுதல் இயல்பு. நம் எழுத்து வழக்கை நாமே அட்டவணைப்படுத்தி வழங்காவிடின், எதிர்கால அடைவுகளில் ஈழத்துத் தமிழ் என்பது எழுத்துப்பிழைகளின் தொகுதியாகவே எஞ்சும்.

மறுப்புகள் சில

இவ்வாதங்களுக்கு எதிராகக் கூறப்படுவன மூன்று.

முதலாவது, இயந்திரங்களைப் பெருக்கினால் யாவும் தாமே சீராகும் என்பது. கொத்தணி மென்பொருளை ஆக்கியோரே இதனை ஏற்பதில்லை. எலாஸ்ரிக்சேர்ச் ஒவ்வோர் அடைவையும் தானாகவே ஐந்து கூறுகளாக்கி வந்தது. 2019இல் வெளியான 7ஆம் பதிப்பில் அது ஒன்றாகக் குறைக்கப்பட்டது. தேவைக்கு மேற்பட்ட பிரிவினை சுமையே என்பதை அனுபவம் கற்பித்தது. மேலும், அம்மென்பொருள் இயல்பாக இயங்கும்போது ஒரு சொல் எத்துணை அரியது என்பதை ஒவ்வொரு கூறும் தன்னிடமுள்ள ஆவணங்களைக் கொண்டே கணிக்கின்றது. எங்கும் பரந்து வரும் சொல்லுக்கு இதனாற் பெரிய கேடில்லை. சில ஆவணங்களில் மாத்திரம் வரும் அரிய சொல்லுக்கே ஒரு கூறில் ஒரு மதிப்பும் இன்னொரு கூறில் வேறொரு மதிப்பும் கிட்டுகின்றன. ஆய்வாளர் தேடுவதோ பெரும்பாலும் அரிய சொல்லையே. கூறுகள் அனைத்தையும் முன்கூட்டி வினவி இக்குறையைத் தவிர்க்கும் வழி உண்டு. ஆனால் அதனைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்பதற்கு இது ஒரு குறையென அறிந்திருக்கவேண்டும்.

இரண்டாவது, சொல்லைச் சொல்லாகத் தேடும் காலம் கழிந்துவிட்டது என்பது. சொற்களை எண்களின் நிரைகளாக்கிப் பொருள் நெருக்கத்தால் ஆவணங்களைத் தேடும் முறை இப்போது பரவியுள்ளது. இனி இலக்கணம் வேண்டாம் என்பர். இம்முறை பயனுடையதே. ஆயினும் அது நெருங்கியதைக் காட்டவல்லது, இன்மையை நிறுவவல்லதன்று. ஒரு சொல் ஒரு நூலில் இல்லை என்று கூறுவதும், இன்ன நூற்றாண்டுக்கு முன்னர் வழங்கவில்லை என்று கூறுவதும் வரலாற்றாய்வின் உயிர்நாடி. 1968இல் வெளியான ஆங்கில நூலிற் பேராசிரியர் க. கைலாசபதி சங்கப் பாடல்களின் வாய்பாட்டுத் தொடர்களை ஆராய்ந்தார். அத்தகைய ஆய்வுக்கு வேண்டியது இதே தொடர் எங்கெங்கே எத்தனை முறை வருகின்றது என்னும் திட்டவட்டமான விடை. ஏறத்தாழ இதுபோன்றவை என்னும் விடை அவ்வாய்வுக்கு உதவாது. அன்றியும், எண் நிரைகளை ஆக்கும் இயந்திரமும் முதலிற் சொல்லைத் துண்டாக்கியே தொடங்குகின்றது. துண்டாக்கும் விதி பழுதெனின் பழுது அங்கும் தொடரும்.

மூன்றாவது நம்மவர் கூற்று: பெருநிறுவனங்களின் தேடுபொறிகள் தமிழை ஏற்கெனவே நன்றாகத் தேடுகின்றனவே, நமக்கேன் வீண்சுமை என்பது. அவை தேடுகின்றன, எவ்விதியின்படி தேடுகின்றன என்பதை நாம் அறியோம். விதி வெளிப்படையாக இல்லாத அடைவைக் கொண்டு ஆய்வு முடிபுகளை நிறுவுதல், அளவுகோலைக் காட்டாத வணிகனிடம் துணி வாங்குவதற்கு ஒப்பாகும். விற்பனைக்குரிய பொருளாக அடைவு மாறிய சமூகத்தில், வாங்குவோர் தொகை எங்குண்டோ அங்கேயே திருத்தமும் நிகழும். இதனை அறநெறி பேசி மாற்ற இயலாது. பொதுவுடைமையான மாற்று அடைவுகளை ஆக்கியே மாற்ற இயலும்.

இழப்பின் அளவு

இது வெறும் தொழினுட்ப விவாதமெனக் கருதுவோர் ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எஞ்சியவற்றையும் சிதறிக் கிடந்தவற்றையும் தேடிச் சேர்த்து எண்ணிம வடிவிற் பேணும் பணியை 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற முயற்சிகள் மேற்கொண்டன. ஊதியம் கருதாத பலரின் உழைப்பால் அப்பணி வளர்ந்தது. ஆனால் படமாக்கப்பட்ட பக்கம் தேடற்குரிய பக்கமன்று. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள், 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான பழைய ணா, றா, னா, லை, ளை வடிவங்களின் முன்னே தடுமாறும். தடுமாறி அது தரும் பாடத்தைத் திருத்தாமல் அடைவு செய்தால், நூல் இருந்தும் சொல் தொலைந்துபோகும். நெருப்பின் இழப்பு நம் கையில் இருக்கவில்லை. இவ்விழப்பு முற்றிலும் நம் கையிலுள்ளது. அடைவுக்கான விதியை ஒருமுறை வகுத்துத் தொகுதியை ஏற்றியபின் மாற்றவேண்டுமாயின் முழுத்தொகுதியையும் மீள அடைவு செய்தாக வேண்டும். செலவு கருதி எவரும் அதனை எளிதிற் செய்யார். ஆகவே தொடக்கத்தில் இடப்படும் பிழை நெடுங்காலம் நிலைக்கும்.

செய்யவேண்டுவன

நன்னூலார் பதத்தின் உறுப்புக்களைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாக வகுத்தார். அடிச்சொற் பிரிப்பியை ஆக்குபவருக்கு வேண்டிய அறிவு இதுவே. இதனை நாம் பரீட்சைக்காக மனனம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றோம். கணினித்துறை மாணவருக்கோ இப்படியொரு பாகுபாடு உண்டென்பதே தெரியாது. ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே வீதியின் இரு மருங்கிலும் உள்ள இரு பீடங்கள் ஒன்றையொன்று அறியாது வாழ்வதன் விலையை நம் மொழி செலுத்துகின்றது.

கணினி நிரல் எழுதுமாறு நான் தமிழ் மாணவரைக் கேட்கவில்லை. நம்மால் இயலுவன பல. தமிழ்ச் சிறப்புக்கலை மாணவர் ஆண்டுதோறும் எழுதும் ஆய்வேடுகளிற் சிலவேனும் ஓர் அடைவின் விதிகளைச் சோதிப்பனவாக அமையலாம். ஒன்றாகக் காணவேண்டிய சொல்வடிவங்கள் இவை, ஒன்றாக்கலாகாதவை இவை என்னும் சோதனைப் பட்டியலை நாமே தொகுக்கலாம். 'காலை'யும் 'பாலை'யும் அதன் முதற்பக்கத்தில் இடம்பெறட்டும். ஈழத்து எழுத்து வழக்குக்கும் தமிழ்நாட்டு வழக்குக்கும் இடையிலான இடப்பெயர், ஆட்பெயர் ஒப்பீட்டு அட்டவணையை ஆக்கலாம். பாமினி போன்ற எழுத்துருக்களிலுள்ள கோப்புக்களை அடைவுக்கு முன் மாற்றவேண்டும் என்பதைக் கட்டாய விதியாக்கக் கோரலாம். இவ்வாறு வகுத்த விதிகள் யாவும் அடைவுடன் சேர்த்து வெளியிடப்படல் வேண்டும். நூலுக்குப் பதிப்புரை எத்துணை இன்றியமையாததோ அடைவுக்கு விதியுரையும் அத்துணை இன்றியமையாதது. சிங்கள எழுத்தின் உயிர்க்குறிகளும் இதே நறுக்கலுக்கு உள்ளாவன. ஆதலின் சிங்களத்துறை மாணவரும் இப்பணியில் நம் இயல்பான தோழரே.

விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கொத்தணிக்குரிய இயந்திரங்களை வாங்குவதற்கான திட்டம் எப்போது முன்வைக்கப்பட்டாலும், சொல்லுக்குரிய விதிகளை யார் வகுக்கப்போகின்றனர் என்னும் வினாவை முதலில் எழுப்புங்கள். அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்வரை இயந்திரம் காத்திருக்கலாம். விதி செம்மையாயின் பத்துக் கணினிகளைக் கொண்ட சிறு கொத்தணியும் நம் எழுத்துச் செல்வத்தை நம் கையிற் தரும். விதி பழுதாயின், உலகின் இயந்திரங்கள் அனைத்தும் சேர்ந்தும் 'தமிழ்' என்று தேடும் மாணவனுக்குத் 'தம' என்னும் எச்சத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.